முதுமைக்கால ஊதியமும் அதன் கணக்கும்



சென்ற ஆண்டு நடைபெற்ற பேரவைக் கூட்டம் ஒன்றில், வரவு செலவு அறிக்கை படிக்கப்பெற்று, இலாபப் பங்கீட்டுத் தீர்மானமும் நிறைவேறிய பின்னர், கடைசி வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். "தலைவரையா, நாற்பது ஆண்டு இந்தச் சங்கத்துக்கு நெய்து கொடுத்தேன். இப்போது கண்ணும் தெரியவில்லை, காலும் மிதியில் நிற்கவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் உண்டே, எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு இளைஞர் ஒருவர் எழுந்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 50 ரூபாய் சந்தா செலுத்துவதென்றும், 60 வயது நிறைந்தவர்க்குச் சங்கமே மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியம் வழங்குவதென்றும் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பலத்த கரகோஷம் எழுந்தது. கை தட்டியவர்களுள் நாமும் இருந்தோம். நேரமாகிவிட்டபடியால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீடு திரும்பிக் காகிதமும் எழுதுகோலுமாய் உட்கார்ந்த பிறகுதான், அவசரப்பட்டுக் கை தட்டிவிட்டோமோ என்னும் ஐயம் நமக்கு உண்டாயிற்று. அந்தக் கணக்கையே இத்திங்களின் பாடமாக உறுப்பினர் முன் வைக்கிறோம்.

சங்கத்தில் 200 உறுப்பினர் இருப்பதாகக் கொள்வோம். அவருள் 40 பேர் அறுபதைக் கடந்தவர். 160 பேர் தறியில் இருப்பவர். 160 பேரிடமும் மாதம் 50 ரூபாய் வசூலானால் வரவு 8,000 ரூபாய். முதியோர் நாற்பதின்மருக்கும் ஆளுக்கு 1,000 வீதம் கொடுக்க வேண்டுவது 40,000 ரூபாய். வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டுமானால் நெய்பவர் ஒவ்வொருவரும் 50 அன்று, 250 ரூபாய் கட்ட வேண்டும். இதுவும் இன்றைய நிலைக்கே. நெசவாளர் பிள்ளைகள் பின்னலாடை ஆலைகளுக்கும் பட்டணத்துக் கடைகளுக்கும் போய்க்கொண்டிருப்பதை நாம் அறிவோம். பத்தாண்டு கழித்துத் தறியில் 100 பேரும் முதியோர் 70 பேரும் எஞ்சினால், தலைக்கு 700 ரூபாய் கட்டினாலன்றி நிதி நில்லாது. எழுநூறு கட்டச் சொன்னால், மிஞ்சியிருக்கும் நூறு பேரும் தறியை விட்டுப் போய்விடுவர்.

"அப்படியன்று, இன்று வாங்குவதை இன்றே கொடுக்காமல், ஒவ்வொருவர் பணத்தையும் அவரவர் பெயரில் சேர்த்து வைத்து முதுமையில் கொடுப்போம்" எனச் சிலர் கூறலாம். நல்லது, அதையும் கணக்கிடுவோம். முப்பது வயதில் சேர்ந்த ஒருவர் முப்பது ஆண்டு மாதந்தவறாமல் 50 ரூபாய் கட்டினால், கட்டிய முதல் 18,000 ரூபாய். நூற்றுக்கு ஆண்டுக்கு 6 வட்டி மாதந்தோறும் கூடி வந்தால் அது ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும். அதிலிருந்து மாதம் 1,000 எடுத்துக்கொண்டே வந்தால், எஞ்சிய தொகைக்கு வட்டி கிடைத்தும், ஐந்தாண்டு நிறையுமுன்னரே பணம் தீர்ந்துபோம். நம் நாட்டில் அறுபதை எட்டியவர் சராசரியாக மேலும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்கின்றனர். மீதிப் பதின்மூன்று ஆண்டுக்கு என் செய்வது? அன்றியும், முப்பது ஆண்டுக்குப் பின் வரும் ஆயிரம் ரூபாய் இன்றைய ஆயிரம் ரூபாய் அன்று. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், அந்த ஆயிரம் இன்றைய 230 ரூபாய்க்கு வாங்கும் பண்டத்தையே வாங்கும்.

இளைஞரின் தீர்மானத்தில் தீய நோக்கம் ஒன்றுமில்லை. ஆனால் வறியோர் தமக்குள்ளேயே சந்தா எடுத்து, தம்முள் முதியோரைத் தாங்குவது என்னும் ஏற்பாடு, இளையோர் தொகை குறைந்துகொண்டே வரும் ஒரு தொழிலில் நிலைபெறுவது அரிது. இதைச் சிறு சங்கமன்று, ஓர் அரசே செய்து பார்த்த வரலாறும் உண்டு. இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் சட்டப்படி உழவர் ஓய்வூதியத் திட்டம் நிறுவப்பெற்றது. மூன்றாண்டு கழித்து மீனவர்க்கும் அத்தகையதொரு சட்டம் வந்தது. உழவர் தம் வயதுக்கேற்ற தவணையைச் செலுத்தினர். அரசும் பணம் சேர்த்தது. பல இலட்சம் பேர் சேர்ந்தனர். எனினும் தவணை சிறிது. இடையிலே கட்டாமல் விட்டவரோ பலர். வாக்களித்த தொகைக்கு ஈடான முதல் சேரவில்லை. 2012-இல் நிதி வற்றி, ஓய்வூதியம் வழங்குவது நின்றுபோயிற்று. 2014-இல்தான் அரசின் கருவூலப் பணத்தைக் கொண்டு மீண்டும் வழங்கலாயினர். இடைப்பட்ட காலத்தில், முறையாகத் தவணை கட்டி முடித்த முதியவரும் வெறுங்கையுடன் திரும்பினர் என்பதே நம்மை உறுத்துவது. கட்டாதவன் ஏமாந்தால் அது அவன் குறை. கட்டினவன் ஏமாறும்படி ஒரு திட்டம் வகுக்கலாகாது.

அங்ஙனமாயின் கிராமத் தொழிலாளர்க்கு ஓய்வூதியம் என்பதே ஆகாத காரியமோ? அன்று. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக ஒரு நாட்டில் அது நடைபெற்று வருகிறது. அந்நாடு பிரேசில். அங்கும் வட கிழக்குப் பகுதியில் வறண்ட நிலமும் மழை பொய்த்தலும் உண்டு. மரவள்ளியும் பயறும் பருத்தியும் விளைவித்த சிறு குடியானவர் பலர். 1983-இல் பருத்திக்காய்க் கூன்வண்டு அந்நாட்டினுள் புகுந்து, வட கிழக்கின் பருத்தி விவசாயத்தை ஏறக்குறைய வேரறுத்தது. அத்தகைய குடியானவரிடம் மாதச் சந்தா கேட்டால் எத்தனை பேர் கட்டுவர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிரேசில் நாட்டார் கேட்டது சந்தா அன்று, மகமை. நம் தென் மாவட்டத்து வணிகர் மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பள்ளியும் சத்திரமும் நடத்திய முறையை உறுப்பினர் பலர் அறிந்திருக்கலாம். பண்டம் கைமாறும் இடத்தில் சிறிது எடுத்துவிட்டால், கொடுப்பவனுக்குப் பாரம் தெரியாது. விற்காதவனை எவரும் கேட்கவும் மாட்டார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத்தான் செய்தது. விளைபொருள் முதன்முதல் விற்பனையாகும் இடத்தில் அதன் விலையில் நூற்றுக்கு 2 பிடிக்கப்பட்டது. பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குபவரே. வணிகராயினும் ஆலையாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும் சரி.

ஆனால் மகமை மட்டும் போதாதென்பது அச்சட்டம் இயற்றியோர்க்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே நகரங்களிலுள்ள நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் நூற்றுக்கு 2.4 வீதம் தனியே எடுத்துக் கிராம நிதியில் சேர்த்தனர். நகர முதலாளி ஏன் கிராமத்துக் கிழவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர் அங்கும் உண்டு. விடை மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 1950-இல் பிரேசிலில் நூற்றுக்கு 36 பேரே நகரவாசிகள். 2022-இல் 87 பேர். அந்நகரங்களை நிரப்பியவர் எவர்? குடியானவர் பெற்று, சோறிட்டு வளர்த்து, இருபது வயதில் சாவோ பாலோவுக்கும் பிற நகரங்களுக்கும் அனுப்பிய பிள்ளைகளே. பிள்ளையின் உழைப்பும் அவன் கட்டும் நிதியும் நகரக் கணக்கில் வரவாகின்றன. அவன் தந்தை முதுமையோ கிராமக் கணக்கில் செலவாகிறது. இரண்டையும் பிரித்து எழுதி, 'கிராமக் கணக்கில் நஷ்டம்' என்று கூறுவது, ஒரே குடும்பத்தில் மகன் வரவையும் தகப்பன் மருந்துச் செலவையும் வெவ்வேறு பேரேட்டில் எழுதுவது போலாகும்.

1971-ஆம் ஆண்டுத் திட்டம் குறையற்றதன்று. 65 வயது நிறைந்தவர்க்கு மட்டும், அதிலும் குடும்பத்துக்கு ஒருவர்க்கு மட்டும், குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதியே வழங்கப்பட்டது. கணவன் இருக்க மனைவிக்கு ஒன்றுமில்லை. அவளும் அவனோடு அதே வயலில் களை பறித்தவள்தான். இராணுவ ஆட்சி நீங்கிய பின், 1988-இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பு இதை மாற்றிற்று. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 55 என வயது குறைக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே தகுதி பெற்றனர். குறைந்தபட்சச் சம்பளத்தின் முழுத் தொகைக்குக் குறைந்து எவர்க்கும் வழங்கலாகாதென விதிக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதைச் செயலுக்குக் கொண்டுவந்தன. பணத்துக்காக வணிக நிறுவனங்களின் விற்று வரவின்மீதும் இலாபத்தின்மீதும் தனித் தீர்வைகள் விதிக்கப்பட்டன. குடும்ப உழவர் காட்ட வேண்டியது பதினைந்து ஆண்டு உழுதமைக்குச் சான்று. எந்த ஆண்டில் எவ்வளவு கட்டினார் என்பது கேட்கப்படுவதில்லை. பயிர் கருகிய ஆண்டும் உழைத்த ஆண்டே. (அமேசான் ஆற்றங்கரை ஊர்களுக்கு இதற்கான அலுவலகமே படகில் போய் வருகிறதாம். நம் பக்கத்து முதியோர் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்கின்றனர் என்பதை எண்ணிக்கொண்டோம்.)

இனி இதன் கணக்கைப் பார்ப்போம். மகமை 2018-இல் நூற்றுக்கு 1.2 ஆகக் குறைக்கப்பட்டது. விபத்து நிதிக்கு 0.1 தனி. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 30,000 ரெயால் பெறுமான விளைபொருளை விற்பதாகக் கொண்டால், பிடிபடுவது 390 ரெயால். பதினைந்து ஆண்டுக்கு 5,850 ரெயால். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,518 ரெயால். ஆகப் பதினைந்து ஆண்டு மகமை, ஒரே ஒருவரின் நான்கு மாத ஓய்வூதியத்துக்கும் போதாது. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதத் தொகை வழங்குவது அந்நாட்டு வழக்கம், பெறுபவரோ இருவர். சந்தையில் பில் இல்லாமல் விற்பதும் வீட்டில் உண்பதும் மகமைக்கு உட்படுவதில்லை. எனவே நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும், கிராமத்திலிருந்து வரும் வசூல் கிராமத்தார்க்கு வழங்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

இதைக் கண்டு கலங்குவோர் அங்கே பலர். 2009 முதல் 2015 வரை நகரக் கணக்கில் மிச்சம் இருந்தது. அது கிராமக் கணக்கின் குறையை ஓரளவு நிரப்பிற்று. பின்னர் தொழில் மந்தத்தில் வேலையிழந்தோர் பெருக, நகரக் கணக்கிலும் பற்றாக்குறை வந்தது. 2019-இல் ஓய்வூதியச் சீர்திருத்தம் ஒன்றை அரசு கொண்டுவந்தபோது, கிராமப் பெண்களுக்கும் வயதை 60 ஆக்கவும், குடும்பம் ஒன்று ஆண்டுக்குக் குறைந்தது 600 ரெயால் கட்டியே தீரவேண்டும் என விதிக்கவும் அதில் இடம் வைத்திருந்தது. நாடாளுமன்றம் இவ்விரண்டையும் நீக்கிவிட்டே மற்றவற்றை நிறைவேற்றியது. நகரப் பெண்களின் வயது 62 ஆக உயர்ந்தது. கிராமத்தார் வயது மாறவில்லை.

எப்பக்கம் நியாயம்? இருபக்கமும் உண்டென்பதே நம் கருத்து. ஓய்வூதியம் குறைந்தபட்சச் சம்பளத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சம்பளம் உயருந்தோறும் செலவும் உயர்கிறது. 1990-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில், விலையேற்றம் நீக்கிப் பார்த்தாலும், அச்சம்பளம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. இச்சுமையை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அப்பணம் போன இடத்தையும் நோக்க வேண்டும். 1990-களின் இறுதியில் வட கிழக்கிலும் தெற்கிலும் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்த கில்ஹெர்மே டெல்காடோ முதலிய பொருளியலார், முதியோர் தாம் பெற்ற தொகையில் ஒரு பகுதியை விதைக்கும் கருவிக்கும் கூலிக்கும் செலவிட்டனர் எனக் கண்டனர். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தை ஊரில் நிறுத்தி வைத்தது கிழவரின் ஓய்வூதியமே. மாதந்தோறும் அத்தொகை இறங்கும் நாளில் சிற்றூர்க் கடைத்தெரு உயிர் பெறுகிறது. சிறு நகராட்சிகள் பலவற்றில், நடுவணரசு நகராட்சிக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப்பங்கைக் காட்டிலும் ஓய்வூதியமாக வந்து சேரும் பணம் அதிகம். செலவு என்று எழுதியதில் ஒரு பகுதி, வேறு பேரேட்டில் முதலீடாகவும் வறட்சி நிவாரணமாகவும் எழுதப்பட வேண்டியது.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். தமிழகத்தில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நடுவணரசின் பங்கு 1995-இல் 75 ரூபாயாகத் தொடங்கிப் பின்னர் 200 ஆயிற்று. 80 வயது கடந்தோர்க்கு 500. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவர்க்கு உரிய அந்த 200 ரூபாய் 2025 முடியவும் ஏறவில்லை. விலைவாசியோடு பிணைக்காத தொகை எங்ஙனம் தேய்ந்துபோகும் என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டுவதில்லை.

தாமே கட்டிச் சேரும் திட்டங்களும் உண்டு. 2019-இல் சிறு, குறு விவசாயிகளுக்காகத் தொடங்கிய நடுவணரசுத் திட்டத்தில், சேரும் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அரசும் அதே அளவு சேர்க்கும். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் அவ்வாண்டே இத்தகைய திட்டம் வந்தது. இவை வரவேற்கத்தக்கனவே. இளம் உறுப்பினர் இவற்றை விசாரித்துச் சேர்வதை நாம் தடுக்கமாட்டோம். ஆனால் இரண்டு செய்திகளை மறைக்கலாகாது. பதினெட்டு வயதில் சேர்ந்தவர்க்கு 3,000 ரூபாய் கைக்கு வருவது நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து. விலைவாசி நூற்றுக்கு 5 வீதம் ஏறினால் அது இன்றைய 385 ரூபாய்க்கு ஒப்பாகும். இரண்டாவது, இவற்றில் சேரும் வயது 18 முதல் 40 வரையே. நம் தறிக்கூடங்களில் நாற்பதைத் தாண்டாதவர் எத்தனை பேர்? நரைத்த தலைகளை விட்டுவிட்டு எழுதிய சட்டம் இது.

ஆகவே, ஒத்திவைத்த தீர்மானத்தைப் பற்றி நம் எண்ணம் இது. சங்கம் இவ்வளவு தருவோம் என்று தொகை குறித்து ஓய்வூதிய வாக்குறுதி கொடுத்தல் கூடாது. அது பெரும் மக்கள்தொகையும் வரி விதிக்கும் உரிமையும் உடைய அரசின் கடமை. அதனை அரசிடம் கேட்பதே முறை. துணி விற்கும் இடத்திலும் விளைபொருள் விற்கும் இடத்திலும் சிறு மகமையும், நகரத்துப் பெரிய நிறுவனங்களின் பங்கும், கருவூலத்தின் பங்கும் சேர்ந்த நிதி வேண்டும் என்று சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்கலாம். கூலியில் ரூபாய்க்கு இத்தனை பைசா எனப் பிடித்து அரசின் பங்கோடு சேர்த்து வைக்கும் நெசவாளர் சேமிப்பு பாதுகாப்புத் திட்டம் நம்மிடையே ஏற்கெனவே இருப்பதால், பிடித்துக் கட்டும் முறை நமக்குப் புதிதன்று.

சங்கம் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்கு நிதியும் வேண்டுவதில்லை. பிரேசிலில் பெண்களுக்கு உரிமை வந்த பின்னரும் பலர் அதைப் பெற இயலவில்லை. காரணம், அவர்தம் திருமணப் பதிவிலும் பிற சீட்டுகளிலும் தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்றே எழுதியிருந்தது. நிலக் குத்தகைச் சீட்டும் விற்பனைச் சீட்டும் கணவன் பெயரில். முப்பது ஆண்டு மண்வெட்டி பிடித்தவள், தான் உழவத்தி என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் காட்ட முடியாமல் நின்றாள். அதனால் 1990-களில் அங்குள்ள கிராமப் பெண்கள் இயக்கங்கள், பெண்களுக்குச் சான்றுச் சீட்டுகள் பெற்றுத் தருவதையே பெருவேலையாக மேற்கொண்டன. 2019 முதல் தொழிற்சங்கம் தரும் சான்று மட்டும் ஏற்கப்படாமல், விண்ணப்பிப்பவர் கூறுவதை அரசுப் பதிவேடுகளோடு ஒத்துப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர்க்கு இது இன்னும் கடினம்.

நம் சங்கத்துக் கூலிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தறி கணவன் பெயரில். கூலியும் கணவன் பெயரில். நூல் பிரித்து, தார் சுற்றி, பாவுக்குக் கஞ்சி போடுகையில் மறுமுனை பிடித்தவள் பெயர் எப்பக்கத்திலும் இல்லை. வேளாண் சங்கக் கொள்முதல் ஏட்டிலும் இதே கதை. நாளை எந்த அரசு எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும், "உழைத்தமைக்குச் சான்று எங்கே?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும். அன்று பழைய ஏடுகளைச் செல் அரித்துவிட்டது என்று எழுத்தர் கைவிரித்தால், அதைவிடக் கொடுமை வேறில்லை.

கூட்டத்தில் கேள்வி கேட்ட முதியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அவர் இன்னும் அரசின் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பமே போடவில்லை என்று பின்னர் தெரிந்தது. அவரது வயதுக்குச் சங்கத்தின் முதல் உறுப்பினர் பதிவேட்டைத் தவிர வேறு பழைய எழுத்து ஒன்றுமில்லை. அதன் நகல் எடுத்து, செயலாளர் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்.

படிப்பு வட்டங்கள் இம்மாதம் செய்ய வேண்டிய வேலை: தத்தம் சங்கத்து உறுப்பினரை 40 வயதுக்கு உட்பட்டோர், 40 முதல் 60 வரை, 60 கடந்தோர் என மூன்றாகப் பிரித்து எண்ணுக. மேலே காட்டிய முறைப்படி, இன்றும் பத்தாண்டுக்குப் பின்னும் தலைக்கு என்ன சந்தா விழும் என்று கணக்கிடுக. பின்னர், வீட்டிலிருந்தே தொழிலில் கைகொடுக்கும் பெண்களுள் எத்தனை பேர் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்கிறது என்பதையும் எழுதுக. இவ்விரண்டு பட்டியலும் வந்து சேருமுன் அத்தீர்மானத்தைப் பேரவையில் மீண்டும் எடுக்க வேண்டாமென்று தலைவரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.